மூன்று ஜாக்கெட் பிட், ஒரு புடவை: குழந்தைகளுக்கான ஒட்டுப் போர்வை பற்றிய குறிப்புகள்

'குவில்ட்' என்ற பொருளுக்கு நம்மிடம் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே சொல் கிடையாது. சிலர் ஒட்டுப் போர்வை என்பார்கள், சிலர் துண்டுத்துணி மெத்தை என்பார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் அதன் அமைப்பு ஒன்றுதான். மேலே, துண்டுகளை இணைத்துத் தைத்த துணி. நடுவே, கதகதப்புக்காக ஏதோ ஒன்று. அடியில், ஒரே துண்டாக ஒரு துணி. இந்த மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நகராமல் பிடித்துவைக்கத் தையலோ முடிச்சோ. அவ்வளவுதான் குவில்ட்.

இதைச் செய்வது எப்படி என்று இணையத்தில் தேடினால் முதலில் வருவது ஒரு பெரிய சாமான் பட்டியல். உருளும் கத்தி, அதற்கு அடியில் போட ஒரு பாய், கண்ணாடி மாதிரி ஒரு ஸ்கேல், தனியாக ஒரு மெஷின் கால். நம் ஊரில் ஜாக்கெட் தைக்கும் ஒரு வீட்டில் இதில் எதுவும் இருக்காது. அங்கே இருப்பது ஒரு கால் மெஷின், ஒரு நல்ல கத்தரிக்கோல், இன்ச் டேப், டெய்லர் சாக், இஸ்திரிப்பெட்டி. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு மதியத்தில் ஒரு போர்வை முடிக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. முடியும். எப்படி முடியும், ஏன் அந்த வழி வேலை செய்கிறது, அதற்குப் பின்னால் உள்ள கதை என்ன என்பதையெல்லாம் என் நோட்டிலிருந்து இங்கே எடுத்து எழுதுகிறேன். கடைசியில் தையலுக்குச் சம்பந்தமில்லாதது மாதிரி தோன்றும் ஒரு விஷயமும் வரும். எனக்கு அதுதான் முக்கியமானது.

எதற்காகத் தைத்தோம்

எங்கள் பகுதி மலையடிவாரம். கார்த்திகை பிறந்துவிட்டால் காலையில் தரை ஜில்லென்று இருக்கும், மதியம் வரைக்கும் சூடேறாது. அங்கன்வாடியில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைத் தூங்க வைப்பார்கள். சிமெண்ட் தரை, மேலே ஒரு பாய். பக்கத்து வீடுகளைச் சேர்ந்த நாங்கள் நாலு பேர், இரண்டு மெஷின், 14 பிள்ளைகள். மார்கழிக்குள் முடிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டோம்.

தைப்பதற்கு முன்னால் அந்தப் போர்வை என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினோம். விரிக்கவும் உதவணும், போர்த்தவும் உதவணும். நாலு வயதுப் பிள்ளை தானே மடித்துத் தூக்கிப்போய் அடுக்குகிற எடையில் இருக்கணும். வாரம் ஒரு தடவை துவைக்க வேண்டும், அன்றைக்கே காய வேண்டும். பிள்ளைகள் இழுத்து விளையாடினாலும் பிரியக் கூடாது. பார்க்க அழகாக இருக்கணும் என்பது பட்டியலில் ஐந்தாவதாகத்தான் வந்தது. ஆனால் மற்ற நாலையும் சரியாகச் செய்தால் அது தானாகவே வந்துவிடுகிறது.

அளவு

முடிந்த அளவு 36 இன்ச் அகலம், 48 இன்ச் நீளம். நாலு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 100 சென்டிமீட்டர், அதாவது 40 இன்ச் சுமார். 48 இன்ச் இருந்தால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

இதை 6 இன்ச் சதுரங்களாகப் பிரித்தால் குறுக்கே 6, நெடுக்கே 8, மொத்தம் 48 சதுரம். ஒவ்வொரு பக்கமும் தையலுக்கு அரை இன்ச் விட்டால் வெட்டும் அளவு 7 இன்ச். வெளிநாட்டு முறைகளில் கால் இன்ச்தான் விடுவார்கள். நான் வேண்டுமென்றே அரை இன்ச் வைத்தேன். அடிக்கடி துவைக்கிற பொருள், இழை பிரியக்கூடிய மெல்லிய பருத்தி, தைப்பவர்களில் இருவர் புதியவர்கள். கால் இன்ச்சில் தையல் கொஞ்சம் நழுவினாலே நாலாவது துவையலில் ஓட்டை விழும். அரை இன்ச்சில் அந்தப் பயம் இல்லை.

துணி

மேல் பக்கத்துக்கு நெய்த பருத்தித் துணிதான் சரி. கோவை, திருப்பூர் பக்கம் பனியன் வேஸ்ட் மலிவாகக் கிடைக்கும், பார்க்க மெத்தென்று இருக்கும். ஆனால் அது பின்னிய துணி, நெய்த துணி இல்லை. எல்லாப் பக்கமும் இழுபடும். சதுரமாக வெட்டினாலும் தைத்து முடிக்கும்போது சதுரமாக இருக்காது. பட்டும் வேண்டாம், வழுக்கும் சிந்தெடிக்கும் வேண்டாம்.

நம் வீடுகளில் சும்மா கிடக்கிற நல்ல பருத்தித் துணி ஒன்று உண்டு. தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கிற ஜாக்கெட் பிட். நவராத்திரி, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று வந்து வந்து பீரோவில் சேர்ந்திருக்கும். நமக்குப் பிடித்த கலரும் இருக்காது, இருக்கிற புடவைக்கும் பொருந்தாது. அடுத்த வீட்டு விசேஷத்துக்கு அப்படியே கைமாறும். ஒரே பிட் நாலு வீடு சுற்றி, முதலில் கொடுத்தவர் கைக்கே திரும்பி வந்த கதைகளும் உண்டு. டூ பை டூ, ரூபியா வகைகள் நெருக்கமாக நெய்யப்பட்டவை, மெல்லியவை, இந்த வேலைக்கு அருமையாக ஒத்துவரும். 80 சென்டிமீட்டர் பிட் என்றால் நீளம் 31 இன்ச் சொச்சம், அகலம் 35 இன்ச் சுமார். இதைவிடச் சின்னதாகவும் வரும், அளந்து பாருங்கள். துவைத்த பிறகு நீளத்தில் 30 இன்ச் இருந்தால் நிம்மதி. 28-க்குக் கீழே போனால் அது வேண்டாம்.

துவைப்பதைத் தவிர்க்காதீர்கள். பருத்தி முதல் துவையலில் சுருங்கும். மூன்று பிட்டும் மூன்று விதமாகச் சுருங்கினால், தைத்த பிறகு போர்வை அப்பளம் மாதிரி நெளியும். இன்னொன்று, சாயம். சிவப்பு, கரும்பச்சை, கருநீலம் மூன்றையும் தனித்தனியாக நனைத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கறை பிடித்தால் இன்னும் இரண்டு தடவை அலசுங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் அந்தப் பிட் மறுபடி தாம்பூலத் தட்டுக்கே போகட்டும்.

கிழிப்பது என்ற கலை

உருளும் கத்தி இல்லாமல் நேராக எப்படி வெட்டுவது? வெட்ட வேண்டாம். ஜவுளிக்கடையில் பார்த்திருப்பீர்கள். அளந்து, நுனியில் ஒரு வெட்டு வெட்டி, இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழிப்பார்கள். கத்தரிக்கோல் நம் கை போன போக்கில் போகும். கிழிசல் இழை போன போக்கில்தான் போகும். நெய்த துணியில் இழையைவிட நேரான கோடு வேறு இல்லை.

அது ஏன் முக்கியம் என்றால், இழையோட்டத்தில் கிழித்த பட்டை இழுத்தாலும் நீளாது. கோணலாக வெட்டியது, டெய்லர்கள் 'கிராஸ்' என்று சொல்வது, ரப்பர் மாதிரி நீளும். கழுத்துப் பட்டிக்கு அது வேண்டும். போர்வைக்கு அதுதான் எதிரி. புதிதாகத் தைக்கிறவர்களுடைய போர்வை கோணிக்கொள்வதற்குப் பெரும்பாலும் தையல் காரணம் இல்லை, கிராஸ் விழுந்த துணிதான் காரணம்.

கிழித்த ஓரத்தில் கொஞ்சம் இழை பிசிறும். அரை இன்ச் விட்டிருப்பதால் அது தையலுக்கு உள்ளேயே அடங்கிவிடும்.

பட்டை முறை

48 சதுரங்களைத் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றாக எடுத்துத் தைப்பது பழைய வழி. அதைவிட வேகமான வழி, நீளப் பட்டைகளாக முதலில் தைத்துவிட்டு, பிறகு குறுக்கே வெட்டுவது. மூன்று நிறம் எடுத்துக்கொள்வோம்: சிவப்பு, மஞ்சள், நீலம்.

1. ஒவ்வொரு பிட்டிலும் கரையைக் கிழித்து எடுத்துவிடுங்கள். பிறகு கரை இருந்த திசைக்கு இணையாக, 7 இன்ச் அகலத்தில் 4 பட்டைகள் கிழியுங்கள். மூன்று பிட்டுக்கு 12 பட்டைகள். கிழித்ததும் இஸ்திரி போட்டுவிடுங்கள், ஓரம் சுருண்டிருக்கும்.

2. முதல் பலகை: சிவப்பு, மஞ்சள், நீலம், சிவப்பு, மஞ்சள், நீலம். இந்த வரிசையில் 6 பட்டைகளை நீளவாக்கில் சேர்த்துத் தைக்கவும். நல்ல பக்கம் இரண்டும் உள்ளே பார்க்கணும். இன்ச்சுக்கு 10 தையல் சரியாக இருக்கும்.

3. இரண்டாவது பலகை: மஞ்சள், நீலம், சிவப்பு, மஞ்சள், நீலம், சிவப்பு. அதே மாதிரி.

4. ஒரு தையலை மேலிருந்து கீழே அடித்தால் அடுத்ததைக் கீழிருந்து மேலே அடியுங்கள். எல்லாத்தையும் ஒரே திசையில் அடித்தால் பலகை வாழைப்பழம் மாதிரி வளையும். மெஷினின் பல் அடித்துணியைக் கொஞ்சம் வேகமாக இழுப்பதால் வரும் வளைவு இது. திசை மாற்றினால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும்.

5. இஸ்திரி. முதல் பலகையின் தையல் ஓரங்களை எல்லாம் வலப்பக்கம் சாயுங்கள். இரண்டாவது பலகையில் எல்லாவற்றையும் இடப்பக்கம். பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்கள். இப்போது ஒவ்வொரு பலகையும் 37 இன்ச் அகலம் இருக்கும்.

6. ஒரு முனையை நேராக்கிக்கொண்டு, 7 இன்ச்சுக்கு ஒன்றாகச் சாக்கில் கோடு போட்டுக் குறுக்கே வெட்டுங்கள். இங்கே கிழிக்க முடியாது, நடுவில் தையல் இருக்கிறது. ஒரு பலகைக்கு 4 வரிசை, மொத்தம் 8.

7. முதல் பலகை வரிசை, இரண்டாம் பலகை வரிசை என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். எந்த வரிசையையும் தலைகீழாகத் திருப்ப வேண்டாம். சிவப்புக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே சிவப்பு என்று தானாக அமையும். ஒரே நிறம் எங்கேயும் பக்கத்தில் பக்கத்தில் வராது.

8. வரிசைகளைச் சேர்க்கும்போது 5-ஆம் படியின் பலன் தெரியும். ஒரு வரிசையின் ஓரம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்தது இடப்பக்கம். இரண்டையும் சேர்த்தால் சந்திப்பில் ஒன்றோடு ஒன்று பூட்டு போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். விரலால் தடவினாலே தெரியும். ஒரு குண்டூசி குத்தித் தைத்துவிடலாம்.

முடிவில் 37க்கு 49 இன்ச் அளவில் மேல்துணி தயார்.

நேரம் எங்கே மிச்சமாகிறது

இதைக் கணக்கு போட்டுப் பார்த்தேன். சதுரம் சதுரமாகத் தைத்தால், ஒரு வரிசைக்கு 5 வீதம் 8 வரிசைக்கு 40 சின்னத் தையல், ஒவ்வொன்றும் 7 இன்ச். மொத்தம் 280 இன்ச். பட்டை முறையில் 10 நீளத் தையல், ஒவ்வொன்றும் 30 இன்ச் சுமார். மொத்தம் 300 இன்ச். அதாவது பட்டை முறையில் மெஷின் ஓடும் தூரம் கொஞ்சம் கூடத்தான், குறைவே இல்லை! வரிசை சேர்க்கும் 7 தையல் இரண்டு முறைக்கும் பொது.

அப்போ மிச்சம் எங்கே? துண்டை எடுப்பது, ஓரம் சேர்ப்பது, மெஷின் காலுக்கு அடியில் வைப்பது, முடிந்ததும் நூலை வெட்டுவது. இந்த நாலு வேலையும் 40 தடவைக்குப் பதில் 10 தடவை. வெட்டுவதில், 48 சதுரத்துக்குப் பதில் 12 கிழிசலும் சில குறுக்கு வெட்டும். தையலில் நேரத்தைத் தின்பது தையல் இல்லை, தையலுக்கு நடுவே இருப்பது. எங்களுக்கு முதல் போர்வை 5 மணி நேரம் எடுத்தது. நாலாவதிலிருந்து 3 மணி நேரத்துக்குள் முடிந்தது.

இந்த யோசனை புதுசு இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்பு நிலத்தில் வாழும் செமினோல் பழங்குடிப் பெண்கள், கையால் சுற்றும் தையல் மெஷின் கைக்கு வந்த பிறகு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே போலப் பட்டைகளைத் தைத்து, வெட்டி, மாற்றி அடுக்கி, மிகச் சிக்கலான வடிவங்களை உண்டாக்கினார்கள். 1978-இல் எலனார் பர்ன்ஸ் என்பவர் ஒரே நாளில் குவில்ட் முடிக்கும் முறையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் உருளும் கத்தியைக் கொண்டுவந்தது. அந்தக் கத்தி வந்த பிறகு பட்டை முறை அங்கே வீட்டுக்கு வீடு பரவியது. நமக்கு அந்தக் கத்தியின் வேலையை ஜவுளிக்கடைக்காரரின் கிழிசல் செய்துகொடுக்கிறது.

நடு அடுக்கு

இங்கேதான் நிறையப் பேர் சிக்குவார்கள். இலவம்பஞ்சு நிரப்பலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். உதிரிப் பஞ்சு, இலவம் ஆனாலும் பருத்தி ஆனாலும், நனைந்தால் கட்டியாகத் திரளும். அதனால்தான் நம் பஞ்சு மெத்தையை யாரும் துவைப்பதில்லை, வெயிலில் போடுவார்கள், வருஷம் கழித்துப் பிரித்து அடித்து மறுபடி நிரப்புவார்கள். துவைக்கிற பொருளுக்கு விரிப்பாக இருக்கிற ஒன்றுதான் வேண்டும்.

மூன்று வழி உண்டு. பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு லேசானது, சீக்கிரம் காயும், கதகதப்பு அதிகம். ஆனால் கடைக்குப் போய் வாங்கணும். பழைய பூந்துவாலைகள் தண்ணீரை நன்றாகக் குடிக்கும், ஆனால் மழை நாளில் இரண்டு நாள் காயாது. மூன்றாவது, நன்றாகப் பழகிய பருத்தித் துப்பட்டி, அல்லது சென்னிமலை மாதிரி கெட்டிக் கைத்தறி பெட்ஷீட். நாங்கள் எடுத்தது இதைத்தான். பலமுறை துவைத்தது என்பதால் இனிமேல் சுருங்காது. ஒற்றை அடுக்கு போதும். இரண்டு அடுக்கு போட்டால் கால் மெஷினில் ஓரம் அடிக்கும்போது ஊசி உடையும்.

மூடுவது

ஓரத்துக்குத் தனியாகப் பட்டி வைத்துத் தைப்பது அழகு. ஆனால் பாதி நேரம் அதற்கே போய்விடும். தலையணை உறை தைக்கிற மாதிரி மூடிவிடலாம்.

தரையில் முதலில் நடு அடுக்கு. அதன் மேல் அடித்துணி, நல்ல பக்கம் மேலே பார்க்க. அதன் மேல் தைத்து வைத்த மேல்துணி, நல்ல பக்கம் கீழே பார்க்க. அடித்துணிக்குப் புடவை எடுத்தால், புடவையின் நீளத்தில் 50 இன்ச், அகலத்தில் 38 இன்ச். ஒட்டே போடாமல் ஒரே துண்டாகக் கிடைக்கும். நடு அடுக்கும் அதே அளவு. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவித் தடவிச் சுருக்கம் எடுத்துக் குண்டூசி குத்துங்கள். சுற்றிலும் அரை இன்ச்சில் தையல். நீளப் பக்கம் ஒன்றில் 10 இன்ச் மட்டும் தைக்காமல் விடுங்கள். மிச்சத் துணியை வெட்டி, நாலு மூலையிலும் முனையைக் குறுக்கே நறுக்கி, அந்த 10 இன்ச் வழியாக உள்ளே கைவிட்டு வெளியே திருப்புங்கள். சட்டையைத் திருப்புகிற மாதிரிதான். வாயை உள்ளே மடித்து, போர்வை முழுக்கச் சுற்றிக் கால் இன்ச்சில் ஒரு மேல்தையல் அடித்தால் வாயும் மூடிவிடும், ஓரமும் கெட்டிப்படும்.

கடைசி வேலை, மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிப்பது. நாலு சதுரம் கூடும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு. குறுக்கே 5, நெடுக்கே 7, மொத்தம் 35 முடிச்சுகள். எம்பிராய்டரி நூலை ஆறு இழையும் பிரிக்காமல் கோத்து, மேலிருந்து கீழே குத்தி, கால் இன்ச் தள்ளி மேலே எடுத்து, அதே இடத்தில் இன்னொரு தடவை எடுத்து, வலது மேல் இடது, பிறகு இடது மேல் வலது என்று முடியுங்கள். இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டால் அவிழ்ந்துவிடும். வால் அரை இன்ச் விட்டு வெட்டுங்கள். மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளின் போர்வையில் முடிச்சே வேண்டாம். வாயில் வைத்து இழுப்பார்கள். அதற்குப் பதில் வரிசை சேர்த்த கோடுகளின் மேலேயே மெஷினில் நேர்த்தையல் அடித்துவிடலாம்.

முடிச்சுப் போட்ட போர்வை மட்டமானது என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடா நாட்டுப் பெண்கள் வீட்டிலும் சங்கங்களிலும் உட்கார்ந்து துண்டுத் துணிகளில் போர்வை தைத்துச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். குண்டுவீச்சில் வீடிழந்த குடும்பங்களுக்குப் போனவை அவை. பின்பக்க மூலையில் சங்கத்தின் பெயர் பொறித்த ஒரு சின்னத் துணி மட்டும் இருக்கும், தைத்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவசரத்துக்குத் தைத்த அந்த எளிய போர்வைகள் சில இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

யாருடைய பழைய துணி?

இப்போது நான் முக்கியம் என்று சொன்ன விஷயம்.

எங்கள் முதல் திட்டத்தில் ஜாக்கெட் பிட் இல்லை. எங்கள் வீடுகளிலிருக்கும் பழைய புடவை, வேட்டி, சட்டையை வெட்டித் தைப்பது என்றுதான் பேசிக்கொண்டோம். துணி எடுப்பதற்கு முன் அங்கன்வாடி டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டோம். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க. பழசுன்னா அம்மாமாருங்க வாங்க மாட்டாங்க. எங்க புள்ளைக்கு ஊரார் கட்டிக் கழிச்ச துணியான்னு கேப்பாங்க. கேட்டா தப்பும் இல்லீங்க."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது. பழைய துணி நமக்குக் கேவலமானது இல்லை. பிறந்த குழந்தையை முதலில் சுற்றுவதே நன்றாகப் பழகிய பழைய வேட்டியில்தான். தூளி கட்டுவது அம்மாவின் புடவையில், இல்லாவிட்டால் பாட்டியின் புடவையில். வங்காளத்தில் காந்தா தைப்பதும் அப்படித்தான். வீட்டுப் பழம்புடவைகளை அடுக்கி, அதே புடவைக் கரைகளிலிருந்து உருவிய நூலால் ஓட்டுத்தையல் போட்டு, பிறக்கப்போகும் குழந்தைக்குத் தயாராக வைப்பார்கள். காந்தா என்ற பெயரும் நம் 'கந்தை'யும் ஒரே வேர்தான்.

கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டுகோடு பக்கம் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தைக்கும் ஒட்டுப் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஒரு புடவையை அடியில் விரித்து, மூலையில் தொடங்கி, வெளி ஓரத்திலிருந்து உள்பக்கமாகத் துண்டுகளை வைத்து வைத்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே சுற்றி வருவார்கள். நடுவில் போய் முடியும். அளவும் இல்லை, சாக்கும் இல்லை, துண்டு எந்த வடிவில் இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி இடம். நாலு மூலையிலும் மடித்த துணியால் 'பூ' வைப்பார்கள். பூ இல்லாமல் கவந்தி நிறைவாகாது. தொட்டில் குழந்தைக்கான சின்னக் கவந்தியும் உண்டு.

இந்த எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று, துணி அந்த வீட்டுத் துணி. குழந்தைக்கு வேண்டியவர்கள் உடம்பில் பழகியது. ஆனால் அடுத்த வீட்டிலிருந்து வருகிற பழைய துணிக்கு நம் ஊரில் வேறு அர்த்தம். சில சாதியாருக்குக் கூலியோடு பழந்துணியும் சேர்த்துக் கொடுத்து, அதை அவர்கள் கைகட்டி வாங்கிக்கொண்ட காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஒட்டுத்துணிக்கே இந்த இரட்டை அர்த்தம் ரொம்பப் பழசு. புத்த பிக்குகளின் ஆடையைத் துண்டுகளாக வெட்டி, மகத நாட்டு வயல் வரப்பு மாதிரி இணைத்துத் தைக்கும்படி புத்தர் ஆனந்தரிடம் சொன்னதாக விநய நூலில் வருகிறது. அங்கே ஒட்டுத்துணி, ஒருவர் தானே தேர்ந்துகொண்ட எளிமை. தானே தேர்ந்துகொள்வதும், வேறு வழியில்லாமல் வாங்கிக்கொள்வதும் ஒன்றில்லை.

அதனால் திட்டத்தை மாற்றினோம். மேல்துணி புத்தம்புது ஜாக்கெட் பிட்டில். நடு அடுக்குக்கு வெளியே தெரியாத பெட்ஷீட், அதற்கு நாங்களே சேர்ந்து செலவு செய்து கொஞ்சம் புதுசும் வாங்கினோம். அடித்துணிக்கு மட்டும் ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவிடமும், "உங்க புடவை ஒண்ணு குடுங்க, உங்க புள்ளை போர்வைக்கு" என்று கேட்டோம். ஒரு அம்மா வேலைக்குப் போகிற அவசரத்திலும் நின்று, இரண்டு புடவையை எடுத்துவந்து, "இது அவன் பொறந்தப்ப கட்டியிருந்ததுங்க, இதைப் போடுங்க" என்று ஒன்றைத் தேர்ந்து கொடுத்தார். இரண்டு பேர் மெஷின் மிதிக்கத் தெரியும் என்று சொல்லி வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் வேலை வேகம் பிடித்தது.

இதில் எதிர்பாராத ஒரு பயனும் கிடைத்தது. மேல் பக்கம் 14-உம் ஏறக்குறைய ஒரே மாதிரி. பெயர் தைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். தேவைப்படவில்லை. படிக்கத் தெரியாத பிள்ளைகள், அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, அம்மா புடவையைக் கண்டுபிடித்துத் தங்களுடையதை எடுத்துக்கொள்கிறார்கள்.

தைக்கப் போகிறவர்களுக்கு

ஒரு வயது முடியாத குழந்தை தூங்கும் இடத்தில் இதை வைக்காதீர்கள். அந்த வயதில் தொட்டிலில் தளர்வான போர்வையோ தலையணையோ இருக்கக் கூடாது, மூச்சு அடைக்கும் ஆபத்து உண்டு என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அகாடமியின் பரிந்துரை. விழித்திருக்கும்போது, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது, தரையில் விரித்துக் குப்புறப் படுக்கவைத்து விளையாட வைக்கலாம். பட்டன், மணி, சமிக்கி எதுவும் எந்த வயதுக்கும் வேண்டாம்.

தரையில் விரிக்க மட்டும் என்றால் குறுக்கே 6, நெடுக்கே 6 சதுரம் போதும், 36க்கு 36 வரும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் குறுக்கே 8, நெடுக்கே 11 வைத்தால் 48க்கு 66 இன்ச். அதற்கு ஜாக்கெட் பிட் கட்டுப்படியாகாது. சுங்குடி மாதிரிப் பருத்திப் புடவைகளின் கிழியாத பகுதிகளை எடுங்கள். நீளப் பட்டை கிடைக்கும், பலகை ஒன்றிலேயே நிறைய வரிசை வெட்டலாம். ஜரிகைக் கரையைக் குறுக்கே கிழிக்க முடியாது, அதை முதலில் கத்தரித்து எடுத்துவிடுங்கள்.

முதல் துவையல் தனியாக, பச்சைத் தண்ணீரில். முறுக்கிப் பிழிய வேண்டாம், மடித்து அழுத்தினால் போதும். கயிற்றில் மேல் பக்கம் உள்ளே போகும்படி போடுங்கள், வெயிலில் நிறம் மங்காது. ஒரு வருஷத்தில் முதலில் தேய்வது ஓரத் தையல்தான். அதன் மேலேயே இன்னொரு தையல் ஓட்டினால் இன்னும் சில வருஷம் வரும்.